ஆறாவது கல்

பலகையில் எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டேன். அது என் வழக்கம். யோசெமிட்டியில் ஆரம்பித்து இதுவரை நாங்கள் போன இடங்களில் இருந்த பலகைகளெல்லாம் என் ஃபோனில் வரிசையாகக் கிடக்கின்றன. பிறகு படித்துக்கொள்ளலாம் என்று எடுத்தவை. ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அன்றைக்கு அந்த அயர்லாந்து மலைச்சரிவில் ஃபோனை வெளியே எடுத்ததே பலகைக்காக இல்லை, சிக்னல் ஒரு கோடாவது வருகிறதா என்று பார்க்கத்தான். எடுத்த கையோடு ஒரு படம். என் மகள் அதிதி மட்டும் பலகைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, உதடு அசைய, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். மழை என்று சொல்ல முடியாத ஒரு ஈரம் பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. அவளுடைய கண்ணாடி முழுக்கத் துளிகள். அதைத் துடைக்காமலே படித்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்றவள் அவள்தான். அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதில் நான்தான் கதாநாயகன், அல்லது அப்படித்தான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு, உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அமெரிக்காவுக்கு ஓடிவந்த அயர்லாந்துக்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரை. அதிதி அதை சாட்பாட்டிடம் கொடுத்து எழுதி வாங்கித் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டாள். டீச்சர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். லிவர்மோர் அபார்ட்மென்ட்டின் சாப்பாட்டு மேசையில் அவளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பிடித்துக் காய்ச்சினேன். "தப்பு பண்றது பெருசில்ல அதிதி. பண்ணத ஒத்துக்காம இருக்கறதுதான் அசிங்கம். நேரா நின்னு, நான்தான்னு சொல்லணும்." அப்புறம் டீச்சருக்கு மன்னிப்புக் கடிதம். கையால் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, சாக்குப்போக்கு ஒரு வரி வந்தாலும் புதுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும். நான்கு தாள்களைக் கிழித்தேன். ஐந்தாவது தாளைப் பார்த்துவிட்டு "ம்" என்றேன். டீச்சர் நெகிழ்ந்துபோய் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். இந்த முறை அவளே உட்கார்ந்து தேடித் தேடி எழுதினாள். அப்படித் தேடும்போது எங்கோ ஒரு மூலையில் இந்த மலைச்சரிவில் இருக்கிற ஒரு கற்குவியலைப் பற்றிப் படித்திருக்கிறாள். ஜூலையில் ஆபீஸ் என்னை இரண்டு வாரம் டப்ளினுக்கு அனுப்பியபோது மூன்று பேருமாகக் கிளம்பினோம். அவள் கேட்டது இந்த ஓர் இடத்தை மட்டும்தான். இந்தக் கதையை நான் பாட்லக் விருந்துகளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று முடிப்பேன்.

என் கவலை வேறாக இருந்தது. அமெரிக்காவில் பதினாலு வருஷமாக வாடகை வீடு. ஃப்ரீமான்ட், மில்பிடாஸ், பிறகு லிவர்மோர். லிவர்மோரில் என் ஆபீஸ் மேசையும் அதிதியின் கட்டிலும் ஒரே அறையில் இருந்தன. எனக்கு மீட்டிங் என்றால் அவள் போர்வைக்குள் இருமாமல் படுத்திருப்பாள். ஒன்பது வீடுகளுக்கு ஆஃபர் போட்டு ஒன்பதும் கைநழுவிப் போயின. எங்கள் பக்கம் வீடு கேட்கிறவர்கள் விற்பவருக்கு ஒரு கடிதம் எழுதுவது உண்டு. குடும்பப் படம் வைத்து, உங்கள் கொல்லைப்புறத்து எலுமிச்சை மரத்தைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்தோம் என்கிற மாதிரி. என் மனைவி எழிலரசி எழுதுவாள், நான் திருத்துவேன். ஒன்பது எலுமிச்சை மரங்களுக்கு மனசைக் கொடுத்து ஒன்பது தடவையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். பத்தாவது, சிவா-விஷ்ணு கோயிலுக்கு நடந்தே போகிற தூரத்தில் ஒரு வீடு. வயதான தம்பதி விற்கிறார்கள். அன்று கலிஃபோர்னியா நேரப்படி காலை, அதாவது அயர்லாந்தில் எங்களுக்கு மாலை, முடிவு சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் ரியல்டர், வீட்டுத் தரகர், பிரீத்தா மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

ஒவ்வொரு ஆஃபருக்கும் எழிலரசி ஒரு வேண்டுதல் வைப்பாள். நான் கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல். புளியோதரைக்கு மட்டும் உள்ளே போவேன். "பிள்ளையார் என்ன உனக்கு ரியல்டரா?" என்று அதிதி காதில் விழும்படி கேட்பேன்.  அதிதி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

கற்குவியல் என் உயரத்துக்கு மேல் ஓரடி இருக்கும். ஈரத்தில் கருத்த கற்கள், பாசி படிந்தவை, யாரும் கொத்தாதவை. சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லை. சும்மா ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்திருந்தார்கள். எழிலரசி காற்றுக்குக் காது வலிக்கிறது என்று கீழே கேட்டுக்குப் பக்கத்தில் காரிலேயே இருந்துவிட்டாள். அதிதி முன்பக்கம் பலகையில். நான் சிக்னலைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே காற்று சட்டென்று நின்றது. குவியலின் அடியில் சுற்றிலும் வளையம் போலச் சின்னச் சின்னத் தட்டைக் கற்கள். உள்ளங்கை அகலம்தான். அடுக்குவதற்கென்றே பொறுக்கி வைத்த மாதிரி இருந்தன.

எங்கள் ஊர் போளூர்ப் பக்கம் மலைக்கோயில் ஏறுகிற வழியெல்லாம் பார்க்கலாம். சொந்த வீடு வேண்டும் என்கிறவர்கள் பாறை ஓரத்தில் கல்மேல் கல்லாக அடுக்கி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மாடி வேண்டுமென்றால் இன்னும் இரண்டு கல். காலேஜில் படிக்கும்போது நண்பர்களோடு ஏறுகையில் அந்த அடுக்குகளைக் காலால் தட்டிவிட்டு "வீடு போச்சே" என்று கத்திச் சிரித்தவன் நான். அப்பேர்ப்பட்ட நான், நாற்பத்தைந்து வயதில், ஃபோனைப் பையில் போட்டுவிட்டு ஈரப் புல்லில் மண்டியிட்டேன்.  யாரும் பார்க்கவில்லை என்பதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு கற்களை இடைவெளி விட்டு வைத்தேன். அது வாசல். அதன் மேல் ஒரு தட்டைக் கல். அதன் மேல் இரண்டு. கடைசியாகக் கூரைக்கு ஒன்று, ஆறாவது. கண்ணை மூடிக் கைகூப்பி, "எப்படியாவது" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

கீழிருந்து மோட்டார் சத்தம் ஏறி வந்தது. பதறிப்போய் அடுக்கைக் கலைக்கக் கை நீட்டினேன். மேல்கல் கையோடு வந்தது. அதற்குள் ஆட்கள் பேசும் குரல் கேட்டது. கல்லை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

வந்தவர் மார்ட்டின். அந்த நிலத்தின் சொந்தக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அரை மணி நேரத்துக்கு முன்னால் கேட்டைத் திறந்துவிட்டு, ஆடுகள் வெளியே போகாமல் சாத்திக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னவர். நாலு சக்கர பைக்கில் அவருக்குப் பின்னால் எழிலரசி, ஸ்கூட்டரில் உட்காருவது போல ஒருக்களித்து, அவருடைய மழைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உங்கள் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போகக் கூடாதே என்று கூட்டி வந்தேன்" என்றார். நல்ல மனுஷன். அவர் கொஞ்சம் முரடராக இருந்திருந்தால் பின்னால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முன்பக்கத்தில் நின்று அவர் எழிலரசிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அதிதி ஏற்கெனவே பலகையில் படித்ததை ஒத்துப்பார்ப்பது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சத்தின்போது இந்தப் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வீடுகள். வாடகை கொடுக்க முடியவில்லை என்று நிலக்காரர் ஆட்களை அனுப்பி ஒரே நாளில் கூரைகளைப் பிடுங்கிச் சுவர்களைத் தள்ளினார். குளிர்காலம். போக்கிடம் இல்லாமல் சாலையோரத்திலும் பள்ளங்களிலும் கிடந்து செத்தவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். அந்த இடிந்த சுவர்களிலிருந்துதான் பிற்காலத்தில் ஊர்க்காரர்கள், செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கல் என்று எடுத்து வந்து இங்கே வைத்தார்கள். "பெரிய கற்கள் பெரியவர்கள். அடியில் சுற்றிலும் இருக்கிற சின்னக் கற்கள் குழந்தைகள். அவற்றை எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளே பொறுக்கி வந்து வைத்தார்கள்."

என் பையில் இருந்த கல்லின் விளிம்பு தொடையில் குத்தியது. எங்கள் பக்கம் தாது வருஷப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தவர்களுக்கு நான் பார்க்க யாரும் ஒரு கல் வைத்ததில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. அதுகூட என் தப்பைச் சின்னதாக்கிக்கொள்ளத்தான். அவர் பேசிக்கொண்டே சுற்றி வந்தார். நான் நகர்ந்து மறைத்துக்கொண்டு நிற்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அடுக்கைப் பார்த்துவிட்டார்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி, துளிகளை உதறி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு என் மகளைப் பார்த்தார். முகத்தில் துளிக் கோபம் இல்லை. "இப்போதெல்லாம் பிள்ளைகள் எங்கே போனாலும் இப்படி அடுக்குகிறார்கள். கடற்கரை முழுக்க இதுதான். பரவாயில்லை, தெரியாமல் செய்ததுதானே" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. சின்ன வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்து ஏன் என்று கேட்பார். வீட்டை இடித்துத் துரத்தப்பட்டுச் செத்த குழந்தைகளின் கல்லை வைத்து, கலிஃபோர்னியாவில் எனக்கு நாலு படுக்கையறை வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? அதுவும் எழிலரசி முன்னால். இத்தனை வருஷமாக அவள் கும்பிட்டதையெல்லாம் கேலி செய்த வாயால். எழிலரசி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கள் பக்கத்து ஆரணிக்காரி. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினாள். 

அதிதி அடுக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் முழங்கால்களைப் பார்த்தாள். இரண்டிலும் ஈர மண் வட்டமாக ஒட்டியிருந்தது.

"ஐ'ம் சாரி" என்றாள் மார்ட்டினிடம். "இட் வாஸ் மீ."

நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாள்.

திரும்ப வைத்துவிட்டால் போதும் என்றார் மார்ட்டின். அதிதி மண்டியிட்டாள். ஒவ்வொரு கல்லாக எடுத்து, எது எந்த இடத்தில் இருந்தது என்று ஆங்கிலத்தில் அவரிடம் கேட்டாள். அது தெரியாது, இடைவெளி இருக்கிற இடத்தில் மெதுவாக வை என்றார். இவர்களுக்குப் பெயர் உண்டா என்று கேட்டாள். பெரியவர்களில் சிலருக்கு உண்டு, குழந்தைகளின் பெயரை அப்போது யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். அவள் இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல வைத்தாள். நான் குனிந்து ஒன்றை எடுக்கப் போனேன். என் முகத்தைப் பார்க்காமல், "ஐ காட் இட், அப்பா" என்றாள். கையை இழுத்துக்கொண்டேன்.

ஐந்தாவதை வைத்துவிட்டு எழுந்தாள். "எல்லாம் வைத்தாயிற்றா?" என்று கேட்டார் மார்ட்டின். அதிதி என்னைப் பார்த்தாள்.

"யெஸ்" என்றேன் நான். அங்கே நான் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

கார் பெரிய சாலைக்கு வந்ததும் சிக்னல் வந்தது. மெசேஜ்கள் மடமடவென்று விழுந்தன. பிரீத்தா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். ஓரம் கட்டி, ஸ்பீக்கரில் போட்டேன். "கங்கிராட்ஸ் சார்! அக்செப்ட் பண்ணிட்டாங்க! உங்க லெட்டர்தான் சார் கிளிக் ஆச்சு. இவ்ளோ ஆனஸ்ட்டான ஃபேமிலின்னு அந்த லேடி அழுதுட்டாங்களாம்." எழிலரசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பதினாலு வருஷம் அல்லவா. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியுமா? பின் இருக்கையிலிருந்து அதிதி, "கங்கிராட்ஸ், அப்பா" என்றாள். அம்மாவைச் சேர்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சீட் பெல்ட் கல்லை என் இடுப்பில் அழுத்திக்கொண்டே வந்தது. திரும்பிப் போயிருக்கலாம். இருபது நிமிஷத் தூரம்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். மறுநாள் காலை டப்ளினில் மீட்டிங்.

அன்று மாலை தங்கும் அறையில் அதிதி குளிக்கப் போனதும் எழிலரசி, மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே சொன்னாள். "அவளுக்குக் கல் அடுக்கறது என்னன்னே தெரியாதுங்க. நான் ஒரு நாளும் சொல்லிக் குடுத்ததில்ல."

நான் ஷூவில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினேன்.

"நானும்தான் வாயத் தொறக்கல" என்றாள். "வேண்டுனத வெளிய சொன்னா இந்த வீடும் போயிடுமோன்னு இருந்துச்சு. அந்த நேரத்துல அதத்தான் நெனச்சேன், பெத்த பொண்ண நெனக்கல. கேட்டுக்குங்க."

செப்டம்பரில் புது வீட்டில் பால் காய்ச்சினோம். எலுமிச்சை மரமும் உண்டு, நிஜமாகவே. சுற்றிலும் காய்ந்து பழுப்பேறிய குன்றுகள், அவற்றின் மேல் காற்றாலைகள். அன்று கோயில் நண்பர்கள் வந்திருந்தார்கள். ராமசுப்ரமணியன் அங்கிள் கேசரித் தட்டோடு என்னை மடக்கினார். "கிட்டுசாமி, ஒம்பது போயி பத்தாவது கெடச்சிருக்குன்னா சும்மாவா? என்ன வேண்டிண்டேள், சொல்லுங்கோ." நான் வழக்கம்போல, "வேண்டுதலாவது ஒண்ணாவது அங்கிள்! மார்க்கெட் டவுன், அவ்ளோதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அதிதி சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மாடியில் அவளுக்குத் தனி அறை. வாழ்க்கையில் முதல் முறை. ஃப்ரீமான்ட்டில் இருந்த காலத்திலிருந்து சுவரில் என்னென்ன ஒட்ட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தவள். ஒரு மாதமாகியும் சுவரில் ஒரு படம் இல்லை. பெட்டிகள்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. "ஏம்மா, ரூம் புடிக்கலையா?" என்று கேட்டால், "இட்ஸ் ஃபைன்" என்பாள். என்னிடம் மரியாதையாக இருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஜோக் அடித்தால் உதட்டை மட்டும் இழுத்தாள். யாராவது வந்திருக்கும்போது நான் பிள்ளை வளர்ப்பு பற்றி ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். பிறகு நானே ஆரம்பிப்பதை விட்டுவிட்டேன். கல் என் மேசையின் கீழ் டிராயரில், பழைய சார்ஜர் ஒயர்களுக்கு அடியில் கிடந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. தபாலில் அனுப்பலாமென்று ஒரு உறைகூட வாங்கினேன். அனுப்பினால் கூடவே நாலு வரி எழுத வேண்டுமே. உறையும் டிராயருக்குள் போனது.

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மேசைக்கு வந்தால் லேப்டாப் மேல் ஒரு கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அயர்லாந்துத் தபால்தலை ஒட்டிய உறை பக்கத்தில். அதிதியின் பெயருக்கு வந்திருந்தது. நீல மையில், சாய்ந்த எழுத்து. மார்ட்டின் எழுதியிருந்தார்.

உன் கடிதம் கிடைத்தது, இவ்வளவு தூரத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய அவசியமே இல்லை, என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன், உன்னைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றாள், என்று ஆரம்பித்திருந்தார். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வருஷா வருஷம் ஊர்க்காரர்கள் நடந்துபோய்க் கற்களை எண்ணுவார்களாம். இந்த வருஷம் நூற்று நாற்பத்திரண்டுதான் இருந்தது. மூன்று முறை எண்ணினார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் அந்தச் சரிவு முழுக்கப் புதர்களை விலக்கி, முட்டி போட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஏதாவது ஆடு காலால் தள்ளி உருண்டுபோயிருக்கும். "இதைச் சொல்வது நீ வருத்தப்படுவதற்காக இல்லை. நீ எல்லாவற்றையும் எவ்வளவு பத்திரமாகத் திரும்ப வைத்தாய் என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே. இங்கே என்ன நடந்தாலும் உன்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாய், அதனால் எழுதுகிறேன்."

முழுசாக ஒரு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்க முடியவில்லை.  யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் அந்த ஈரத்தில் முட்டி போட்டுத் தவழ்வது கண்ணில் நின்றது. என்னைவிட அந்த ஆடு மேல்.

அதிதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"அட்ரஸ் எப்படி கெடச்சுது?" என்றேன். முட்டாள்தனமான கேள்வி. 

"பலகையில இருந்துச்சு. உங்க ஃபோன்ல." தமிழில்தான் சொன்னாள், அவளுடைய கரடுமுரடான தமிழில். பிறகு, "இட் வாஸ் சிக்ஸ், அப்பா. நான் கௌன்ட் பண்ணேன், அந்தப் பக்கம் ஃபர்ஸ்ட் வந்தப்பவே. நீங்க கண்ண மூடிட்டிருந்தீங்க" என்றாள்.

அப்படியானால் அவள் என் முழங்காலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் மண்டியிட்டுக் கைகூப்பியதையே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பிப் போய்ப் பலகை முன்னால் நின்றிருக்கிறாள், நான் கூச்சப்படக் கூடாது என்று. அன்றிலிருந்து மூன்று மாதமாக, நான் சொல்வேன் என்று காத்திருக்கிறாள்.

டிராயரைத் திறந்தேன். ஒயர்களை விலக்கிக் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை. லேப்டாப்பை என் பக்கத்திலிருந்து நகர்த்தினாள். தன் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து வந்து வைத்தாள், பேனாவும். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் தாளில், எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு என்று தொடங்கிப் பத்து வரி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அவள் படித்துவிட்டு, "இது எக்ஸ்க்யூஸ், அப்பா" என்றாள். கிழிக்கவில்லை. மடித்து ஓரமாக வைத்தாள். இரண்டாவதில் பதினாலு வருஷம் வந்துவிட்டது. அதுவும் மடிந்தது. மூன்றாவதில் அடித்தல். எழிலரசி காபி கொண்டுவந்தவள், மேசையில் இருந்த கல்லைப் பார்த்ததும் டம்ளரை வைக்காமலே நின்றாள். மடித்த தாள்களைப் பிரித்துப் படித்தாள். "பக்கத்துல நின்னுட்டு இவங்கம்மாவும் பேசாம இருந்தான்னு சேத்து எழுதுங்க" என்றாள். போகவில்லை. சுவரில் சாய்ந்து அங்கேயே நின்றாள்.

கல் வெளிறிப்போயிருந்தது. அங்கே கருத்துப் பளபளவென்று இருந்த கல், இந்தக் காய்ந்த காற்றில் மூன்று மாதம் கிடந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. பாசி தொட்டால் உதிர்ந்தது. அதிதி அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து வெறும் மேசைமேல் வைத்தாள். சொட்டச் சொட்ட, அன்றைக்கு என் கையில் இருந்த அதே கருப்பு. அதன் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல என் பக்கம் ஓடி வந்தது. நான்காவது தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்து, தேதியை எழுதினேன்.